பரணில் கிடந்த பறையும் சாதியற்றோர் இசைக்குழுவும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி அச்சன்புதூரில் நடைபெற்ற கருத்தரங்கில், அரசு உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, 'கல்வியும் நம் சமுதாயமும்' என்னும் தலைப்பில் பேசுமாறு கேட்டுக்கொண்டார்கள். அத்தலைப்பில் இம்மேடையில் நானே நான்கு முறை பேசியிருக்கிறேன். நான்கு முறையும் ஏறக்குறைய ஒன்றையே பேசினேன் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ஆகையால் இம்முறை வேறொன்று பேச இசைவு வேண்டினேன். சென்னையிலே தோன்றிய ஓர் இசைக்குழுவின் வரலாற்றைச் சொல்கிறேன் என்றேன். செயலாளர் சற்றே திகைத்தார்கள். கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் பாட்டுக் கச்சேரிக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் முகம் கேட்டது. பிறகு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற சாரல் காலத்தில், நம் மாலை வகுப்பிற்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் பறை பயில விரும்புவதாகவும், கழக விழாவில் அதை இசைக்க இசைவு வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தாள். அவளுடைய தந்தையார் அதைக் கேட்டுச் சினங்கொண்டார். கழகத்தின் மூத்தவர்கள் சிலரும் வருந்தினர். நம் கழகம் தோன்றிய நாளில், 'நம் விழாக்களில் கொட்டு முழக்கம் கூடாது' என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதப்பட்டது. அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். அன்று இட்ட கையொப்பத்திற்காக இன்று நான் வெட்கப்படவில்லை. ஏன் வெட்கப்படவில்லை என்பதையும், ஏன் அதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்க எனக்கு அந்த இசைக்குழுவின் கதை தேவைப்படுகிறது.

என் தந்தையார் கொட்டடித்தவர். நம் வட்டாரத்தார் துட்டி வீடு என்று சொல்லும் சாவு வீட்டிலே, வெயிலென்றும் மழையென்றும் பாராமல், பிணம் எடுக்கும் வரை நின்று அடித்தவர். கூலி என்பது கணக்கில்லாத ஒன்று. சில இடங்களில் நெல், சில இடங்களில் பழைய வேட்டி, பல இடங்களில் வசவு. அழைத்தால் போகாமலிருக்க முடியாது. காய்ச்சலில் கிடந்த நாளிலும் ஆள் வந்து நின்றால் எழுந்து போனார். எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது, எங்கள் தெருவினர் கூடி, இனி எவரும் துட்டி வீட்டிற்குக் கொட்டடிக்கப் போவதில்லை என்று முடிவு செய்தனர். அதன் விலை ஒரு பருவம் முழுதும் வயல் வேலை மறுக்கப்பட்டது. தாயார் பீடி சுற்றிக் கஞ்சி ஊற்றினார். தந்தையார் தம் பறையைப் பரணில் ஏற்றினார். நான் எட்டிப் பார்த்தபோது, "ஏலே, அத ஏம்ல பாக்க? நீ படிச்சு வா. அது பரண்லயே கெடக்கட்டும்" என்றார். சில ஆண்டுகளில் தோல் எலி கடித்துப் போயிற்று. மரச்சட்டத்தைத் தாயார் பானை வைக்கும் பிரிமனையாக்கிக்கொண்டார்.

ஆகவே, பறையை விட்டது நமக்கு ஓர் இழப்பன்று, ஒரு வெற்றி. அதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் மகள், 2018 ஆம் ஆண்டு சனவரி மாதம் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, இன்னைக்கு ஒரு கச்சேரிக்குப் போனேன். எல்லாரும் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு மேளம் அடிச்சாங்க" என்றாள். கோட்டு அணிந்து மேளமா என்று நான் நகைத்தேன். அவள் நகைக்கவில்லை. குரல் தழுதழுத்திருந்தது. அந்தக் கச்சேரியை நிகழ்த்தியவர்களின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. தமிழிற் சொன்னால் சாதியற்றோர் கூட்டு, அல்லது சாதியற்றோர் இசைக்குழு.

இக்குழு தோன்றிய வகை இது. 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி' முதலிய திரைப்படங்களை இயக்கிய பா. இரஞ்சித் அவர்கள் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்னும் இசையமைப்பாளரும் 2017 ஆம் ஆண்டில் இணைந்தனர். வடசென்னைத் தெருக்களில் கானா பாடுவோர், பறை, சட்டி, மோளம் முதலியன இசைப்போர், கித்தார் மீட்டுவோர், ராப் என்னும் விரைவுப் பேச்சுப்பாட்டுக் கலைஞர் எனப் பலரையும் அழைத்துத் தேர்வு நடத்தினர். வந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். தேர்ந்தோர் 19 பேர். 2018 சனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளித் திடலில் முதற் கச்சேரி. ஆயிரக்கணக்கானோர் கூடினர். நுழைவுக் கட்டணம் இல்லை.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேனாட்டுப் பெயர்போல் தோன்றினாலும் அதன் வேர் நம் மண்ணில் உள்ளது. 1845 முதல் 1914 வரை வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் ஆக்கி வழங்கிய 'சாதி பேதமற்ற தமிழர்' என்னும் தொடரின் ஆங்கில வடிவமே அக்குழுவின் பெயர். பண்டிதர் சித்த மருத்துவர், பௌத்த ஆய்வாளர், 1907 ஆம் ஆண்டு சூன் மாதம் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கி, இறக்கும் வரை நடத்தியவர். ஒரு காசுக்கு விற்ற அந்த இதழில், நமக்குப் பிறர் இட்ட பெயர்களை மறுத்து, நமக்கு நாமே பெயரிட்டுக்கொள்ள வேண்டும் என்று விடாமல் எழுதியவர். நான் பி.ஏ. படித்த காலத்தில் தமிழ்ப் பாடத்தில் எத்தனையோ இதழ்களின் பெயரை மனப்பாடம் செய்தேன். இவ்விதழின் பெயரை எவரும் எனக்குச் சொல்லவில்லை. என் மகள் ஓர் இசைக் கச்சேரிக்குப் போய்வந்து எனக்குச் சொல்லித்தான் நான் பண்டிதரைத் தேடிப் படித்தேன். தலைமையாசிரியன் இதை ஒப்புக்கொள்வது எளிதன்று.

இனி, இவர்களுடைய இசை எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். கானாவும் பறையும் அடித்தளம், அதன்மேல் ராக் என்னும் மேனாட்டு இசை, அதனோடு ராப். இளைஞர் சிலர் இவர்களைப் 'பங்க்' குழு என்றும் சொல்கின்றனர். அச்சொல்லுக்கு நேர்ப்பொருளில் அது சரியன்று. ஆயினும் அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. பங்க் ராக் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் கிளம்பிய இசை. அக்காலத்து மேனாட்டு ராக் இசை, பெருஞ்செல்வமும் நீண்ட பயிற்சியும் உடையோர்க்கே உரியது என்றாகியிருந்தது. அதை மறுத்து, வேலையற்ற இளைஞர், கைக்குக் கிட்டிய கருவியோடு, இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் பாட்டுகளை உரத்துப் பாடினர். 1976 இல் வெளிவந்த ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டில் 14 பாட்டுகள். மொத்த நேரம் அரைமணிக்கும் குறைவு! நம் பள்ளிகளில் ஒரு பாடவேளையே அதைவிட நீளம். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் குழு அரசியாரை எள்ளி 1977 இல் பாடிய பாட்டை ஒலிபரப்ப பி.பி.சி. மறுத்தது. 1978 சனவரியில் அக்குழுவே கலைந்தது. அதன் ஆயுள் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே மிகுதி.

பங்க் என்னும் ஆங்கிலச் சொல் உதவாக்கரை, போக்கிரி என்னும் பொருளில் வழங்கிய ஒரு வசை. அந்த வசையையே அவ்விளைஞர் பெயராகச் சூடிக்கொண்டனர். இதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. ஆங்கில அகராதியில் 'பரையா' என்று ஒரு சொல் உண்டு. சமுதாயத்திலிருந்து விலக்கப்பட்டவன் என்று பொருள் எழுதியிருப்பார்கள். உலகெங்கும் செய்தித்தாள்களில் நாள்தோறும் வழங்கும் அச்சொல், நம் பறையிலிருந்து, நம் மக்களின் பெயரிலிருந்து போனது. எத்தனை தமிழ்ச் சொற்கள் உலக மொழிகளுக்குப் போயின என்று பட்டிமன்றங்களில் பெருமை பேசுவோர் இச்சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவர்.

இலண்டன் இளைஞர்களில் வெள்ளையரே மிகுதி. ஆனால் அங்கும் நிறவெறியை எதிர்த்துப் பாடுவதற்கென 1976 இல் ஓர் இயக்கம் தோன்றியது. 1978 ஏப்ரல் 30 அன்று ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலமாகச் சென்ற பெருங்கூட்டத்தின் முன், கிளாஷ் என்னும் பங்க் குழுவும், சமேக்காவிலிருந்து குடியேறியவர்களின் மக்களான ஸ்டீல் பல்ஸ் குழுவும் ஒரே மேடையில் பாடின. அதற்கும் முன்னரே அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மூன்று கறுப்பினச் சகோதரர்கள், 'டெத்' என்னும் பெயரில் இவ்வகை இசையைப் பாடிக்கொண்டிருந்தனர். டெத் என்றால் சாவு. 1975 இல் பெரிய நிறுவனமொன்றின் தலைவர், பெயரை மாற்றினால் ஆதரவு தருவதாகக் கூறினார். மூத்தவர் மறுத்தார். இசைத்தட்டு கிடப்பில் போயிற்று. அது வெளிவந்த ஆண்டு 2009. மறுத்தவர் 2000 ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார். பெயருக்காக இப்படியும் ஒருவர் நின்றார் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். இலண்டனில் பங்க் இளைஞர் தம் சட்டையைத் தாமே கிழித்து, ஊக்குகளைக் குத்திக்கொண்டு மேடை ஏறினர். ஒழுங்கான உடை என்பது பணக்காரரின் அடையாளம் என்று அதைக் கிழித்தனர். நம் சென்னைக் குழுவினரோ கோட்டும் சூட்டும் அணிந்து மேடை ஏறினர். இரண்டும் எதிர்ப்புத்தான், ஆனால் எவ்வளவு வேறுபாடு! கிழித்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் உடுத்தியிருக்க வேண்டுமல்லவா? தோளில் துண்டு போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்க வேண்டும் என்றிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள், அண்ணல் அம்பேத்கர் அணிந்த கோட்டை அணிந்து மோளம் அடிக்கும்போது, அந்தக் கோட்டு பேசுகிறது. என் தந்தையார் வெற்றுடம்போடு நின்று அடித்த கருவி அது. என் மகளின் குரல் ஏன் தழுதழுத்தது என்பது எனக்குப் பிற்பாடு விளங்கிற்று. அவளுக்குத் தாத்தாவின் கதை தெரியும்.

கானாவைப் பற்றி நம் பக்கத்துப் பெரியோர்க்கு ஒரு சொல். நமக்கு ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் தெரியும். கானா அவ்வளவாகத் தெரியாது. திரைப்படத்தில் தேவா முதலியோர் 1990களில் அமைத்த துள்ளற் பாட்டுகளைக் கேட்டு, கானா என்றால் கேலிப்பாட்டு என்று எண்ணிக்கொண்டோம். உண்மையில் அது வடசென்னையின் உழைக்கும் மக்கள், பெரும்பாலும் நம்மவர், சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடிய பாட்டு. இறந்தவரின் வாழ்க்கையை, அவர் செய்த தொழிலை, பட்ட கடனை, காட்டிய அன்பை அங்கேயே கட்டிப் பாடுவார்கள். அதாவது, செய்தித்தாளில் இரங்கற் செய்தி வரப்பெறாதவனுக்கு எழுதப்படும் வரலாறு. அதைப் பாடுவோர் ஏறக்குறைய அனைவரும் ஆடவர். அந்த வழக்கத்தை உடைத்து, இசைவாணி என்னும் இளம்பெண் இக்குழுவில் கானா பாடினார். 2020 ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் உலகெங்கிலுமிருந்து தேர்ந்த நூறு பெண்களின் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

அவர்கள் என்ன பாடினார்கள்? இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக் கொலை, மலக்குழியில் இறங்கி மாள்வோர், வடசென்னையின் வாழ்வு, அண்ணல் அம்பேத்கர். இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டை நான் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒலிக்கச் செய்ததுண்டு. அது சலுகையன்று, உரிமை என்பதை நான் முக்கால் மணி நேரம் விளக்கியும் ஏறாத தலைகளில், நாலைந்து நிமிடப் பாட்டு ஏறியது. ஆசிரியனுக்கு இது சற்றுக் கசப்பான அனுபவம். சில பாட்டுகளில் வழங்கும் கொச்சைச் சொற்கள் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஓசையும் என் வயதுக்கு மிகுதி. ஆனால் கொச்சை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம் தாயார் பேசிய மொழியே என்று என் மகள் சொன்னாள். அதற்கு நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

2018 இல் 'ஜெய்பீம் ஆன்தம்' வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் நீலம் மையம் சென்னையில் வானம் கலைத் திருவிழாவை நடத்தியது. அதே ஆண்டில் நம் திருநெல்வேலி மண்ணைக் களமாகக் கொண்ட 'பரியேறும் பெருமாள்' படத்தை நீலம் நிறுவனம் தயாரித்ததையும் நீங்கள் அறிவீர்கள். 2020 திசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சென்னையில் மார்கழி என்றால் சபாக்களும் கருநாடக இசையும் என்றிருந்த இடத்தில், ஒப்பாரியும் கானாவும் பறையும் அதே மாதத்தில் மேடை கண்டன. இது பற்றி ஒரு நாள் முழுதும் பேசலாம். நேரம் கருதி விடுகிறேன்.

குழு வளர்ந்த கதையைச் சொன்னேன். அது பிரிந்து கிளைத்த கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 19 பேர் சேர்ந்தால் 19 பேராகவே என்றும் இருப்பதில்லை. நம் கழகத்திற்கே அது தெரியும். டென்மா திரைப்பட இசைக்குச் சென்றார். 2019 இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022 இல் 'நட்சத்திரம் நகர்கிறது' ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். குழுவின் பாடலாசிரியரும் பாடகருமான அரக்கோணத்துத் தம்பி அறிவு, 2019 இல் ஆஃப்ரோ என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து 'தெருக்குரல்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. தீ, அறிவு இருவரும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. இங்குள்ள பிள்ளைகள் அனைவரும் அதைப் பாடுவீர்கள். அந்தப் பாட்டின் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நாடு திரும்பியவர். 1964 ஆம் ஆண்டு சாத்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் திரும்பி வந்த வரலாறு நமக்குப் புதிதன்று. 'கண்டிக்குப் போனவர்' என்று என் தாத்தாவின் தம்பியை எங்கள் வீட்டில் குறிப்பிடுவார்கள். போனார் என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். அவர் பெயர்கூட என் தந்தையாருக்குச் சரியாகத் தெரியாது.

அந்தப் பாட்டு உலகமெங்கும் பரவிற்று. கோடிக்கணக்கானோர் கேட்டனர். பின்பு நிகழ்ந்ததைத்தான் நான் உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு, இப்பாட்டையும் 'நீயே ஒளி' என்னும் பாட்டையும் பாராட்டி அட்டைப்படம் வெளியிட்டது. இரண்டையும் எழுதியவர் அறிவு. அட்டையில் பாடகர் இருவர் இருந்தனர், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பலர் குரல் கொடுத்தனர். அதன்பின் அவ்விதழ் இணையப் பதிப்பில் அறிவின் படத்தோடு வேறோர் அட்டையை வெளியிட்டது. 2022 சூலை 28 அன்று சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. அங்கே அப்பாட்டு தீ, கிடாக்குழி மாரியம்மாள் ஆகியோர் குரலில் ஒலித்தது. அறிவு அம்மேடையில் இல்லை. சில நாட்களில் அவர், இப்பாட்டைத் தாம் எழுதியதையும் பாடியதையும் மெட்டமைத்ததையும், அதற்காக உறங்காமல் உழைத்ததையும் பொதுவெளியில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பை விளக்கி எழுதினர். பாட்டின் உரிமையும் வருவாயும் மூவருக்கும் சமம் என்றும், அறிவை எங்கும் மறைக்கவில்லை என்றும் அவர்கள் கூறினர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாட்டினால் தங்களில் எவருக்கும் ஒரு ரூபாயும் வந்து சேரவில்லை என்றே அறிவித்தார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. வேலை செய்தவன் பெயர் எழுதப்படாமல் போவது நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். கோயிலைக் கட்டியவன், குளத்தை வெட்டியவன், குளக்கரை மதகில் நீர் பாய்ச்சியவன், இவர்களுள் எவன் பெயர் கல்லில் இருக்கிறது? அறிவு தம் பெயருக்காகப் பேசினார். அப்படிப் பேசுவதைப் பெருமை பேசுதல் என்று சிலர் குறை சொன்னார்கள். பாட்டியின் பெயரையே தலைப்பாக்கி 2024 இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்னும் இசைத்தொகுப்பை அவர் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், இசைவாணி பல ஆண்டுகளுக்கு முன்பு பாடிய ஒரு பாட்டைத் தோண்டியெடுத்து, அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் கிளம்பின. நீலம் மையம் அவருக்குத் துணையாக அறிக்கை விடுத்தது. கச்சேரி என்றால் கைதட்டல் மட்டும் என்று நம் பிள்ளைகள் எண்ணக்கூடாது என்பதற்காக இதையும் சேர்த்தேன்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளியொன்றில், ஒரு சிறுவன் மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அழகான தாளம். அவன் நம் தெருப் பிள்ளை. நான் அருகிற் சென்று, "உங்க அப்பன் அடிச்சது போதாதா, நீயும் அடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவன் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறையில் சொன்னேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று அவனுக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை. தெரிந்தால் மன்னிப்புக் கேட்பேன். பிற சாதிப் பிள்ளைகள் நிரம்பிய வகுப்பில் அவனுடைய தந்தையின் தொழிலை நானே இழிவாக்கினேன். பிறர் செய்து வந்த வேலையை நான் தமிழாசிரியனாக நின்று செய்தேன். தொல்காப்பியத்தில் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறை இடம்பெறுகிறது என்று அதே வகுப்பில் பாடம் நடத்தியவனும் நானே.

நம் தந்தையர் பறையைப் பரணில் ஏற்றினார்கள். அவர்கள் மறுத்தது பறையையா? பறையின்மீது சுமத்தப்பட்ட கட்டாயத்தையா? என் தந்தையாரிடம் இதைக் கேட்க எனக்கு அன்று அறிவில்லை. கேட்கத் தெரிந்தபோது அவர் இல்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. அவர் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அம்மன் கொடையில் வெளியூர்க் குழு நையாண்டி மேளம் அடித்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய வலக்கை விரல்கள் தொடையில் அசைந்தன. நான் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். சிறுவன் மேசைக்கடியில் கை வைத்தானே, அதே போலத்தான்.

ஆள் விட்டு அழைத்தால் காய்ச்சலோடு எழுந்து போய் அடிப்பது ஒன்று. நானாக எழுந்து, என் பெயரைச் சொல்லி, நான் உடுத்த விரும்பியதை உடுத்து, என் மக்கள் முன் அடிப்பது வேறொன்று. சென்னைப் பிள்ளைகள் 2018 இல் செய்தது இரண்டாவது. எழுதிக் கொடுத்த மாணவி கேட்பதும் இரண்டாவதையே. அவள் படிப்பை விடவில்லை. காலாண்டுத் தேர்வில் அவள் மதிப்பெண் என்ன என்பதை மாலை வகுப்பு ஆசிரியர்கள் சொல்வார்கள். இதை எதிர்ப்போருடைய அச்சத்தையும் நான் எளிதாகத் தள்ளவில்லை. 'இன்று கழக மேடையில் அடித்தால், நாளை துட்டி வீட்டுக்கு ஆள் வரும். நம் பிள்ளைகளைக் கொட்டுக்காரர் என்றே மீண்டும் எண்ணுவர்' என்று பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயமான அச்சம். பட்டவர் சொல்வது. ஆள் வந்தால் நாம் அனைவரும் சேர்ந்து திருப்பி அனுப்பக் கூடியவர்களாக இருக்கிறோமா என்பதே கேள்வி. என் பதினைந்தாம் வயதில் ஒரு தெரு அதைச் செய்தது, அரிசி இல்லாமல். இன்று நம் தெருக்களில் ஆசிரியர்களும் செவிலியரும் அஞ்சல் ஊழியரும் வழக்குரைஞரும் இருக்கிறார்கள்.

ஆகவே செயற்குழுவினரிடம் என் வேண்டுகோள் இது. பழைய தீர்மானத்தை நீக்க வேண்டாம். அது எழுதப்பட்ட பக்கம் அப்படியே இருக்கட்டும். அதில் என் தந்தையின் காலம் இருக்கிறது. அதன் கீழ் ஒரு வரி சேர்க்க இசைவு தாருங்கள்: தானே விரும்பிப் பயின்ற மாணவரோ மாணவியோ, தம் பெயர் நிகழ்ச்சி நிரலில் அச்சிடப்பட்ட பின், கழக மேடையில் எவ்விசையையும் இசைக்கலாம் என்று. பெயர் அச்சிடப்பட வேண்டும் என்பதை நான் வலியுறுத்துகிறேன். பயில்விக்கத் தக்க கலைஞர் ஒருவர் தென்காசியிலிருந்து ஞாயிறுதோறும் வர ஒப்பியிருக்கிறார். அவருக்குரிய ஊதியத்தை நான் என் பொறுப்பில் ஏற்கிறேன்.

மாணவியின் தந்தையார் இவ்வவையில் இருக்கிறார். அவரை நான் சுட்டிக் காட்டமாட்டேன். கூட்டம் முடிந்ததும் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் அவருக்காகக் காத்திருப்பேன். என் தாயார் பிரிமனையாக்கிய அந்தச் சட்டத்தையும் கையில் கொண்டுவந்திருக்கிறேன். இருபுறமும் கரிபிடித்திருக்கிறது, மரம் இன்னும் உறுதியாகவே உள்ளது. புதுத்தோல் இழுத்துக் கட்டலாமா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அவரும் அந்நாளில் அடித்தவர்.